வெக்கைக்கு வரும் வேர்க்குருவும் அரிப்பும்: வீட்டிலேயே தணிக்கும் வழி

மே மாதத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். அந்த நாட்களில் கழுத்து, முதுகு, சாரம் இறுக்கிக் கட்டும் இடுப்பு, கைக்குழந்தையின் கழுத்து மடிப்பு என்று சிவந்த சிறு பருக்கள் கிளம்பி, முள் குத்துவது போல அரிக்கும். அதுதான் வேர்க்குரு. வியர்வை வெளியேறும் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவது. ஆகவே என்ன பூசலாம் என்று தேடும் முன், வியர்ப்பதை நிறுத்த வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் உடம்பை ஆற விடுங்கள்

நிழலுக்கோ மின்விசிறிக்குக் கீழோ வாருங்கள். நைலோன் கலந்த இறுக்கமான உடுப்பைக் கழற்றிவிட்டு, தளர்வான பருத்தி உடுப்புக்கு மாறுங்கள். பாடசாலை விட்டு வரும் பிள்ளை சீருடையோடு விளையாடப் போக வேண்டாம், வந்ததும் மாற்றிவிடுங்கள்.

பிறகு குளிப்பு

கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, குளிர்ந்ததாக இருந்தால் போதும். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். நன்றாக அரித்தெடுத்த பயற்றம் மாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகத் தடவி, துளியும் மிஞ்சாமல் கழுவுங்கள். நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்த நேரம் சுகமாக இருக்கும், ஆனால் தோல் உரிந்து புண்ணாகும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் குளித்தால், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வேர்க்குரு ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

குளித்தபின் மெல்லிய துவாயால் ஒற்றி எடுங்கள். கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளில் ஈரம் நின்றால் குளித்த பலன் போய்விடும். குழந்தைக்கு இது இன்னும் முக்கியம், மடிப்புகளை விரித்துப் பார்த்துத் துடையுங்கள்.

அரிப்பு அடங்காவிட்டால்

சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அரிக்கும் இடத்தில் 10 முதல் 15 நிமிடம் போட்டு வையுங்கள். ஐஸ் கட்டியை நேரே தோலில் வைக்காதீர்கள்.

அதற்கும் மேலே ஏதாவது வேண்டுமென்றால் கற்றாழை நல்லது. மடலை வெட்டியதும் மஞ்சள் நிறப் பால் வடியும். தோலை எரிய வைப்பது அதுதான். மடலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து, பால் முழுதும் வடிந்தபின் தோல் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றைக் கழுவி எடுங்கள். முன்கையின் உட்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். எரியவில்லை என்றால் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் கழுவுங்கள்.

கற்றாழை கிடைக்காவிட்டால் ஓட்ஸ் இருக்கிறது. அதை மாவாக அரைத்துக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கி, அந்தப் பால் போன்ற தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுங்கள், அரிப்பு நன்றாகத் தணியும். வேப்பிலை அவித்து ஆறிய தண்ணீரில் கழுவுவது நம் வீடுகளில் பழகிய முறைதான், ஆனால் அதையும் முன்கையில் பார்த்துவிட்டே செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூசினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். பாமசியில் கிடைக்கும் கலமைன் லோஷனும் அரிப்பைத் தணிக்கும்.

தயவுசெய்து செய்யாதீர்கள்

தேங்காய் எண்ணெய் வேறு நேரங்களில் தோலுக்கு நல்லதாக இருக்கலாம். வேர்க்குருவுக்கு மேல் பூசினால் அடைப்பு கூடும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளிக்கும், கறுத்த தழும்பு பல வாரம் நிற்கும். பற்பசையும் வேண்டாம். ஈரத் தோலில் பவுடரை அள்ளிப் போட்டால் கட்டியாகி மடிப்பில் தங்கும்; குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும் ஆபத்தும் உண்டு.

வேர்க்குருதானா என்று பாருங்கள்

உடம்பு சூடாகி வியர்க்கத் தொடங்கிய சில நிமிடங்களில் சிறு தடிப்புகள் எழும்பி, ஓரிரு மணி நேரத்துக்குள் தானாக மறைந்தால் அது வேர்க்குரு அல்ல, வெப்பத்தால் வரும் ஒவ்வாமை போன்ற தடிப்பு. அதற்குப் பூச்சு பெரிதாக உதவாது. உடம்பை ஆற விடுங்கள். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டி மாத்திரை கேளுங்கள்.

சாதாரண வேர்க்குரு, உடம்பு குளிர்ச்சியாக இருந்தால் சில நாட்களில் அடங்கிவிடும். அடங்காமல் சீழ் வைத்தாலோ, சுற்றிலும் சிவந்து வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால், அல்லது வெக்கையில் நின்றவர் தலைசுற்றிக் குழறிப் பேசினால், வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் கழிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். குழறிப் பேசுபவரை அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.