முற்றத்துப் புல்லில் சொட்டை விழுந்தால்: வன்னிச் செம்மண்ணுக்கான செய்முறை

முற்றத்துப் புல்லில் சொட்டை விழுந்திருந்தால், விதை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு அலவாங்கை எடுத்து அந்த இடத்தில் குத்துங்கள். பக்கத்தில் புல் நன்றாக நிற்கிற இடத்திலும் ஒருமுறை குத்துங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து வளவுகளில் நான் பார்த்த சொட்டைகளில் பெரும்பாலானவை மண் இறுகியதால் வந்தவை. அந்த மண்ணைத் திறக்காமல் எவ்வளவு நல்ல விதை போட்டாலும் எறும்புக்குத்தான் தீனி.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் செம்புழுதி ஜன்னல், கட்டில், சோற்றுக் கோப்பை என்று எல்லா இடத்திலும் படிவதை அனுபவித்தவர்களுக்கு முற்றத்தில் புல் ஏன் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சொட்டையை அப்படியே விட்டால் அடுத்த கோடையில் அது இரண்டு மடங்காகும். அதனால் சின்னதாக இருக்கும்போதே பிடியுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம், லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மெசின்) திரும்பும் மூலை, படலையிலிருந்து வாசலுக்குப் போகும் குறுக்குவழி ஆகிய இடங்களில் மிதிபடுவது நிற்காதவரை எந்தப் புல்லும் நிற்காது. அங்கே கல் பதித்துவிட்டு மற்ற இடத்தைக் கவனிப்பதே புத்தி.

சீமெந்து குழைத்த இடமென்றால் கதை வேறு. 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறிக் கட்டிய வீடுகளின் முன்னால் இது நிறைய உண்டு. மேலே இரண்டு விரல் மண், கீழே சாந்துக் கட்டி. அலவாங்கு 'டங்' என்று நின்றால் அதுதான். அந்தக் கட்டியை முழுதாகப் பெயர்த்து வெளியே போட்டுவிட்டு வேறு மண் நிரப்ப வேண்டும்.

மாரியில் தண்ணீர் தேங்கும் பள்ளமென்றால் மேடாக்குங்கள். மாமரத்து நிழலென்றால் இந்தச் செய்முறையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

கிண்டுவதற்கு முன் ஒரு விசயம். உங்கள் வளவில் வருடக்கணக்காக நடமாடியிருக்கலாம். ஆனால் ஆழமாகக் கிண்டியிருக்க மாட்டீர்கள். துருப்பிடித்த உலோகமோ, இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக் பொருளோ தென்பட்டால் அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம்; தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கிவிட்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். புல் அடுத்த வருடமும் போடலாம்.

எந்தப் புல், எப்போது

வெயில் விழும் முற்றத்துக்கு என் தெரிவு அறுகுதான். வெப்பத்தைத் தாங்கும், காய்ந்தாலும் கணுவிலிருந்து திரும்ப எழும்பும், பக்கத்துச் சொட்டையைத் தானே ஓடி மூடும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் அழகான புல் விதைப் பைகளை இங்கே போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பவை குளிர்நாட்டுப் புல்கள். முளைத்தாலும் பங்குனி வெயிலில் கருகிவிடும். அதோடு, தாவரத் தடைகாப்பு அனுமதியின்றி விதை கொண்டுவருவதும் கூடாது.

சொட்டை ஒரு பாயளவுக்குள் என்றால் விதையே வேண்டாம் என்பேன். உங்கள் முற்றத்து ஓரத்திலிருந்தே அறுகங்கொடியை வெட்டி எடுங்கள். துண்டுக்கு இரண்டு மூன்று கணு இருக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பங்கு மண்ணுக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலும் இருக்கும்படி நட்டு மிதித்துவிடுங்கள். செலவில்லை, அதே புல், அதே நிறம். பெரிய சொட்டைக்குத்தான் விதை.

காலமும் இதைப் பொறுத்தது. கொடி நட ஐப்பசித் தொடக்கம் நல்லது. மாரி மழை வேலையைப் பார்த்துக்கொள்ளும். விதைக்கு அது ஆகாது. கார்த்திகை, மார்கழியில் அடிக்கிற மழை விதையை அள்ளி வேலியோரத்தில் குவித்துவிடும். தை பிற்பகுதிதான் விதைக்கு ஏற்றது: கிணறு நிறைந்திருக்கும், நிலத்தில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சோளகம் தொடங்க முன் வேர் இறங்கிவிடும்.

மண்ணைத் திறத்தல்

எங்கள் செம்மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. கிண்டுவதற்கு ஏற்ற பதம் இடையில் கொஞ்ச நேரம்தான் இருக்கும். முதல்நாள் பின்னேரம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலையில் ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கிண்டலாம். நசிந்து ஒட்டினால் அன்று விட்டுவிடுங்கள். ஈரக்களியைக் கிண்டினால் கட்டிகட்டியாகக் காய்ந்து முன்பைவிட மோசமாகும்.

10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் கிண்டுங்கள். முதலில் அலவாங்கால் நெம்பி, பிறகு மண்வெட்டியால் உடைப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. இதற்கு வாடகை மெசின் தேவையில்லை. சொட்டையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு நல்ல புல்லுக்குள்ளும் அலவாங்கால் குத்தித் துளை போடுங்கள். பழைய புல்லின் வேர் புது மண்ணுக்குள் வர வழி கிடைக்கும்.

கோரை இருந்தால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள். கிழங்குகளைத் தனித்தனியே பிரித்து எல்லா இடத்திலும் நட்டுவிட்டதாகத்தான் முடியும். கையால் கிழங்கோடு பொறுக்கி எடுங்கள்.

பிறகு நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவை ஒரு அங்குலத்துக்குப் பரப்பி மண்ணோடு கலவுங்கள். பச்சைச் சாணி வேண்டாம். அதோடு வயற்களையும் சேர்ந்து வரும். வேறு இடத்திலிருந்து எரு எடுப்பதானால் அந்த இடத்தில் பார்த்தீனியம் என்ற களை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

விறாண்டியால் மட்டமாக்கி, சுற்றியுள்ள நிலத்தைவிட ஒரு விரல் உயரமாக விடுங்கள், மண் இறங்கும். குதிக்கால் வைத்து மிதித்து நடந்தால் மெல்லிய தடம் மட்டும் விழ வேண்டும். புதைந்தால் இன்னும் மிதியுங்கள்.

விதைத்தல்

சதுர மீற்றருக்கு 5 முதல் 10 கிராம். அறுகம் விதை மிகச் சிறியது, அதனால் நாலைந்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். பாதியை நீளப்பாட்டிலும் மீதியைக் குறுக்குப்பாட்டிலும் தூவினால் சீராக விழும். நிறப்பூச்சு ஏற்றிய விதையென்றால் எடையில் பெரும் பங்கு பூச்சுத்தான். அளவை இரண்டு மடங்காக்குங்கள்.

விறாண்டியின் பின்பக்கத்தால் மெல்ல இழுத்து, பலகை போட்டு மேலே நின்று அமத்துங்கள். விதைக்கு மேல் அரை சென்ரிமீற்றருக்கு மேல் மண் போகக்கூடாது. அமத்துவது முக்கியம்: மண்ணோடு ஒட்டிய விதையை எறும்பு இழுப்பதும் குறைவு, தண்ணீர் அள்ளுவதும் குறைவு.

தண்ணீர்: இங்கேதான் எல்லாம் கெடுகிறது

இந்தப் படியை ஆறுதலாக வாசியுங்கள். என்னைப் பெரிதாக இழுத்தடித்த படி இது.

செம்மண்ணின் மேல் பெரிய துளி விழுந்தால் மண் துணிக்கைகள் உடைந்து, நுண்ணிய களி மேலே படிந்து, துவாரங்களை அடைத்துவிடும். வெயில் பட்டதும் அந்தப் படலம் அப்பளம் மாதிரி இறுகும். முளைத்த விதை அதை உடைத்துக்கொண்டு வரமுடியாமல் உள்ளேயே சாகும். வெளியே நிற்கிற நாம் 'விதை சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவோம். படலத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கீழே வெள்ளை முளை வளைந்து கிடந்தால் விதையில் குற்றமில்லை.

ஆகவே ஓஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்து அடிக்கும் பழக்கத்தை இந்த நாட்களில் மறந்துவிடுங்கள். நுண்துளைப் பூவாளிதான் வேண்டும். தகரப் பூவாளியோ பிளாஸ்டிக்கோ பரவாயில்லை, தலைத் துளைகள் சிறியதாக இருக்க வேண்டும். முதல் தண்ணீரை வெளியே சாய்த்துத் தொடங்கி, சீராக வந்தபிறகு பாத்தியின் மேல் கொண்டுவாருங்கள். சதுர மீற்றருக்கு ஒரு தடவைக்கு 1 முதல் 2 லீற்றர் போதும். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. மேல் ஒரு சென்ரிமீற்றர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், குளமாகக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானத் தண்ணீருக்கு என்ன செய்வது? மேலே ஏதாவது மூடுங்கள். நான் விரும்புவது உதறிய வைக்கோல், கீழே மண் பாதி தெரியுமளவு மெல்லிதாக. நனைத்த சணல் சாக்கும் நல்லது. ஆனால் முதல் பச்சை தெரிந்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்கின் இழைக்குள் புகுந்து, இழுக்கும்போது வேரோடு வரும்.

நல்ல அறுகு விதை 7 முதல் 14 நாளில் முளைக்கும். உமி நீக்காத விதைக்கு மூன்று கிழமையும் ஆகலாம். முளைத்து ஒரு கிழமை போனதும் தடவைகளைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் கூடுதலாக விடுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகட்டும்.

முதல் வெட்டு, முதல் பசளை

புல் மூன்று விரல் உயரம் வந்ததும் மேலே மூன்றிலொரு பங்கை மட்டும் வெட்டுங்கள். நைலோன் நூல் சுழலும் மெசினைப் புதுப் புல்லில் வைக்காதீர்கள், பிடுங்கி எறிந்துவிடும். கூரான கத்தரியோ கையால் தள்ளும் உருளை வெட்டியோ நல்லது. ஒரு மாதம் கழித்து சதுர மீற்றருக்கு 5 கிராம் யூரியா, புல்லின் இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். பிறகு 10 கிராம் வரை கூட்டலாம்.

பிறகு சேர்த்தவை

இதன்படி செய்தவர்கள் சிலர் சொன்ன சிக்கல்கள்:

கோழி. விதைத்த பாத்தியைக் கோழி கண்டால் அன்றே முடிந்தது. அலம்பலை (மரக்கிளைகளை) வெட்டிச் சுற்றிவர நெருக்கமாகப் போடுங்கள். மாடு கன்றுக்கும் அதுவே காவல்.

வைக்கோலில் இருந்து நெல் முளைத்துவிட்டது என்றார் ஒருவர். பயப்பட வேண்டாம், கையால் பிடுங்கலாம். விட்டாலும் இரண்டு வெட்டில் போய்விடும்.

முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணுக்கு இது அப்படியே பொருந்தாது. கோடையில் வெடிக்கும் மண்ணில் விதையைவிடக் கொடியே நிற்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் படலம் கட்டாது, ஆனால் தண்ணீர் நிற்காது. எருவை இரண்டு மடங்காக்குங்கள். கிணறு சவராக இருந்தால், வளர்ந்த அறுகு ஓரளவு தாங்கும், முளை தாங்காது. முதல் மூன்று கிழமைக்காவது நல்ல தண்ணீர் தேடுங்கள், அல்லது ஐப்பசியில் கொடி நடுங்கள்.

மாமர நிழலில் அறுகு வராது. நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது அதற்கு வேண்டும். கீழ்க்கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுங்கள். அதற்கும் மனமில்லாவிட்டால் பூங்கன்றுக் கடைகளில் துண்டாக விற்கும் அகன்ற இலைப் புல்லைப் பதியுங்கள். அதுவும் அடிமரத்தை ஒட்டி நிற்காது; அடியிலிருந்து ஒரு பாகம் தூரத்துக்குச் சருகைப் பரப்பிவிடுங்கள்.