பக்கத்து வீட்டு மரத்தை வெட்டப்போகிறார்களா? டி.பி.ஓ. கேட்பது எப்படி (இங்கிலாந்து)

மரம் உங்களுடையது இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டப்படி, தனியார் தோட்டத்து மரத்துக்கும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பாதுகாப்பு ஆணை போடலாம். அதுதான் டி.பி.ஓ. (ட்ரீ ப்ரிசர்வேஷன் ஆர்டர்). ஆணை வேண்டுமென்று யாரும் கேட்கலாம். ஆனால் போடுவதும் போடாததும் கவுன்சிலின் முடிவு.

1. ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறதா?

கவுன்சிலின் இணையதள வரைபடத்தைப் பாருங்கள், அல்லது ட்ரீ ஆபீசரிடம் (மரங்களைக் கவனிக்கும் கவுன்சில் அதிகாரி) போனில் கேளுங்கள். கன்சர்வேஷன் ஏரியா (தனிச்சிறப்புக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி) என்றால், ஆணை இல்லாத மரமானாலும் வெட்டுவதற்கு 6 வாரம் முன்பே கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் இந்த விதி. பலர் இங்கே குழம்புவார்கள்: டேப்பைச் சுற்றி எடுத்தால் கிடைப்பது சுற்றளவு. 75 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 23.6 செ.மீ. வரும்.

2. பிளானிங் அனுமதி கொடுத்தாயிற்றா?

இதைப் பார்க்காமல் எழுதுவது வீண் வேலை. அந்த இடத்தில் கட்டடத்துக்கு முழு பிளானிங் அனுமதி இருந்து, அதற்காக மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் டி.பி.ஓ. தடுக்காது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே பேசுங்கள்.

3. கோரிக்கையில் என்ன எழுதுவது?

கவுன்சில் முக்கியமாகப் பார்ப்பது, மரம் போனால் பொதுமக்களுக்கு என்ன இழப்பு என்பதை. ஆகவே உங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து எடுத்த படம் அவ்வளவாக உதவாது. நடைபாதையிலிருந்து, இரண்டு மூன்று கோணங்களில் எடுங்கள். முகவரி, மர வகை, வரைபடத்தில் அது நிற்கும் இடம், ஆபத்து என்ன, எப்போது என்பதையும் சேருங்கள். வரிசையாக நான்கு மரம் நின்றால் எது என்று குறியுங்கள். பழமரத்துக்கும் ஆணை போடலாம். புதர், செடிகளுக்கு முடியாது. அளக்கிறேன் என்று அடுத்தவர் வேலி தாண்டாதீர்கள்.

நாளைக்கே வெட்டு என்றால் மின்னஞ்சலை நம்பாமல் போன் செய்யுங்கள்.

4. ஆணை வந்த பிறகு

இங்கேதான் பலர் அசந்துவிடுகிறார்கள். ஆணை உடனே நடைமுறைக்கு வந்தாலும் அது தற்காலிகமானதே. 6 மாதத்துக்குள் கவுன்சில் உறுதிசெய்யாவிட்டால் அந்தத் தற்காலிகப் பாதுகாப்பு போய்விடும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது 28 நாள் தருவார்கள். உரிமையாளர் கட்டாயம் எழுதுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அவகாசத்தில் ஆதரவுக் கடிதமும் போகட்டும்.

5. ஆணைக்குள் என்ன அடங்கும்?

வெட்டுவது, கிளை கழிப்பது, வேரை அறுப்பது எல்லாவற்றுக்கும் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவுக்கு 8 வாரம். உங்கள் பக்கம் நீளும் கிளையைக் கழிக்கவும் இதே அனுமதிதான் — கேட்டு வாங்கிய ஆணை உங்களையும் கட்டும். உயிருள்ள மரத்தின் காய்ந்த கிளையை எடுக்க அனுமதி தேவையில்லை. மரமே பட்டுப்போயிருந்தால் 5 வேலைநாள் முன்பு தெரிவித்தால் போதும். அவசர ஆபத்து என்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பராமரிப்புப் பொறுப்பு உரிமையாளருடையதே, கவுன்சிலுடையது அல்ல.

மீறி வெட்டினால் தேதி, நேரத்தோடு படம் எடுத்து கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். மரத்தை அழித்தால் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அதே இடத்தில் வேறு மரமும் நட வேண்டிவரும்.