பாட்டியின் சமையல் நோட்டில் இருக்கும் ஆழாக்கையும் பலத்தையும் இன்றைய அளவுக்குக் கொண்டுவருவது எப்படி

பழைய நோட்டு கைக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, இருப்பதை இருக்கிறபடியே பெயர்த்து எழுதுங்கள். ‘படி’ என்றிருந்தால் படிதான். அப்போதே அதை லிட்டராக்கிவிட்டால், பண்டம் கெட்டபிறகு தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஓரத்தில் கிறுக்கிய மளிகைக் கணக்கையும் விடாதீர்கள். நயா பைசா விலை இருந்தால் அந்தப் பக்கம் 1957க்குப் பிந்தையது. கிராமும் கிலோவும் பழக்கத்துக்கு வந்தது அதையொட்டிய ஆண்டுகளில்தான்.

எண்களில் கவனம் வேண்டும். ௧ என்பது ‘க’ போலவும் ௭ என்பது ‘எ’ போலவும் இருக்கும். ௨ என்பது ‘உ’ போல இருக்கும், ஆனால் பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்பது இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி. அரைக்கால் என்றால் 1/8, வீசம் என்றால் 1/16. ‘காலே அரைக்கால்’ 3/8 ஆகும். பேச்சில் சாதாரணமாகச் சொல்கிறோமே ‘முக்காலே மூணு வீசம்’, அது 15/16.

எடை எளிது. ஒரு தோலா, அதாவது ஒரு ரூபாய் எடை, 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம் (35 கிராம்), எட்டுப் பலம் ஒரு சேர் (280 கிராம்), ஐந்து சேர் ஒரு வீசை (1.4 கிலோ). சேரில் மட்டும் ஒரு பொறி உண்டு. வடநாட்டில் புழங்கிய சேர் 80 தோலா, 933 கிராம். டில்லியில் குடித்தனம் நடத்தியவர்களின் நோட்டு என்றால் எந்தச் சேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் முகத்தலளவையில். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. இந்தக் கணக்கு மாறாது, படிதான் ஊருக்கு ஊர் மாறும். பெரிய படி, சின்னப் படி என்று ஒரே ஊரில் இரண்டு புழங்கியதும் உண்டு. அதனால் இணையத்தில் கிடைக்கும் ‘ஒரு படி = இத்தனை லிட்டர்’ பட்டியலை நம்பிப் புண்ணியமில்லை. அந்த வீட்டுப் பரணில் ஆழாக்கோ படியோ கிடந்தால் அதுதான் சான்று. வெறும் பாத்திரத்தை நிறுத்து, விளிம்புவரை தண்ணீர் விட்டு மறுபடி நிறுங்கள். கூடிய கிராம் எத்தனையோ அத்தனை மில்லி. அரிசியைக் குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்பதையும் கேட்டுவையுங்கள்.

பாத்திரமே கிடைக்காவிட்டாலும் பாதி நோட்டைக் காப்பாற்றலாம். ‘படி மாவடுவுக்கு ஆழாக்கு உப்பு’ என்று எழுதியிருந்தால் அது எட்டுக்கு ஒன்று. எந்தக் கிண்ணத்தால் அளந்தாலும் விகிதம் நிற்கும். ‘படி மாவடுவுக்கு இரண்டு பலம் மிளகாய்’ என்று முகத்தலும் நிறுத்தலும் கலந்து வரும் இடத்தில்தான் படியின் கொள்ளளவு தெரிந்தாக வேண்டும்.

அளவு சரியாக வந்தும் ருசி பிசகினால் பொருளைப் பாருங்கள். நோட்டில் உப்பு என்றால் பெரும்பாலும் கல்லுப்பு. அதே கிண்ணம் தூளுப்பு எடை கூடுதல், கரிக்கும். கல்லுப்பையே வாங்குங்கள். கரிக்கிறதே என்று ஊறுகாயில் உப்பை மனம்போனபடி குறைத்தால் பூசணம் பிடிக்கும். பெருங்காயம் நேர்மாறு: இன்றைய தூளில் மாவும் கோந்தும் கலந்திருப்பதால், கட்டிப் பெருங்காயத்துக்குச் சொன்ன அளவு போதாது. முதல்முறை கால் பங்கு மட்டும் செய்யுங்கள், படிக்கு எழுதியதை உழக்கில். ஒருமுறைக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம்.

எழுதியவரோ கூடச் சமைத்தவரோ இருந்தால், ‘எவ்வளவு உப்பு போடுவீங்க?’ என்று கேட்காதீர்கள். ‘கண் அளவுதான்’ என்பார்கள், அது உண்மையும்கூட. உப்பு ஜாடியைத் தராசின்மேல் வைத்து, அவர்களையே சமைக்கச் சொல்லுங்கள். கை போட்டபிறகு குறைந்த எடையைக் குறித்துக்கொண்டால் போதும். மூன்று தடவை பார்த்தால் கைப்பிடிக்கும் சிட்டிகைக்கும் கிராம் கிடைத்துவிடும். ‘கெட்டுப்போனா என்ன செய்வீங்க?’ என்ற கேள்வியை அடுப்படியில் கேளுங்கள். நோட்டில் எழுதாமல் விட்டது அங்கேதான் வரும்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஈயச் சொம்பில் ரசம் என்றால் அது வெள்ளீயம். காரீயம் கலந்த சொம்பு நஞ்சு. பரணிலிருந்து இறக்கியதைச் சோதித்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். நல்ல வெள்ளீயமும் 232 டிகிரியில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றியபிறகே சொம்பை அடுப்பில் வைக்க வேண்டும், ரசத்தை இறுத்தபிறகு ஒரு நொடிகூடத் தீயில் விடக்கூடாது.