வேக்சர்ஃப்: போர்டை மாத்தறதுக்கு முன்னாடி ஃபின்னை மாத்திப் பாருங்க

கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கமிருந்து துபாய் போய் வேக்சர்ஃப் (படகு பின்னாடி கிளம்பற அலையில பலகை மேல நின்னு ஓட்டற விளையாட்டு) பழகறவங்களுக்கு ஒரு குறிப்புங்க.

போர்டுக்கு எடைதான் முதல் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 4 அடி 8 அங்குலத்தை ஒட்டின சர்ஃப் ரகம் (மிதப்பு அதிகமான போர்டு) போதும். 90 கிலோன்னா 5 அடிக்கு மேல பாருங்க. எழுந்து நிக்கறதுக்குப் பிடிச்ச படகுக் கயித்தை விட்டதும் அலையை விட்டுப் பின்தங்கிப் போனா, பெரும்பாலும் மிதப்பு பத்தலைன்னு அர்த்தம். ஸ்கிம் ரகம் சுத்தி விளையாடறதுக்கு. அதைப் பொறவு வாங்கிக்கலாம்.

ஃபின்னுங்கறது போர்டுக்கு அடியில வால் பக்கம் மாட்டற சின்னத் தகடு. நம்ம ஏர்க்கொழு மாதிரிதான். ஆழமா இறங்கினா பிடிப்பு, மேலாக்க நின்னா வழுக்கல். திரும்பும்போது வால் பக்கவாட்டுல சறுக்குதா? பெரிய ஃபின் போடுங்க, இல்லைன்னா நடு ஃபின்னைச் சேருங்க. போர்டு திரும்பவே மாட்டேங்குதா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி நடு ஃபின்னைக் கழட்டிட்டு ஒரு சுத்து ஓட்டுங்க. சில பேருக்குப் பிரச்சினை இதுலயே தீர்ந்துரும்.

பக்க ஃபின்கள்ல தட்டையான முகம் உள்பக்கம், வளைஞ்ச முகம் வெளிப்பக்கம். இடம் வலம் மாறிட்டா போர்டு நேராவே போகாது. திருகை விரல் பலத்துல இறுக்கினாப் போதுமுங்க. முறுக்கினா மரை தேஞ்சுரும்.

ஒப்பிடறப்போ படகு வேகத்தை மாத்தாதீங்க: மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர். புரொப்பெல்லர் படகுக்கு அடியில உள்ளே தள்ளி இருக்கணும். வெளியே தொங்கற அவுட்போர்டு மோட்டார் பின்னாடி மட்டும் ஏறவே ஏறாதீங்க.