மெட்டல் வாசிக்கப் போகிற கீபோர்டுக்காரருக்கு: முதலில் இடது கையை எடுங்கள்

நம்மூரில் எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் அதற்குப் பெயர் 'காசியோ'தான். அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்டல், அதாவது கனத்த, இரைச்சலான ராக் இசை, வாசிக்க உட்காருகிறவர் முதலில் தேடுவது கரகரவென்று உறுமும் 'டிஸ்டார்ஷன் கிட்டார்' சத்தத்தை. நானும் தேடினேன். கண்டுபிடித்து ஏ மைனர் கார்டை (ஏ, சி, ஈ மூன்றையும் சேர்த்து) அழுத்தினால், மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி இருந்தது. மட்டமான கீபோர்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கீபோர்டு பாவம், அதன்மேல் தப்பில்லை. டிஸ்டார்ஷன் ஒவ்வொரு சுரத்தின் மேற்சுரங்களையும், அதாவது அதனோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்களையும், ஏற்றிவிடும். ஏ, ஈ இரண்டும், அதாவது ச–ப, சேர்ந்து ஒலித்தால் அவை பெரும்பாலும் ஒத்துப்போகும். நடுவில் சி நுழைந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதனால்தான் மெட்டல் கிட்டாரிஸ்டுகள் பெரும்பாலும் ச–ப மட்டும் உள்ள பவர் கார்டைப் பிடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் நீங்களும் சி-யை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள், கரகரப்பு தெளிந்துவிடும்.

ஆனால் அது மேஜரா மைனரா என்று சொல்வதே அந்த சி-தான். கிட்டார் விட்டுவைத்த அந்த இடம்தான் உங்களுக்கு. கிட்டார் சத்தத்தை மாற்றிவிட்டு ஸ்ட்ரிங்ஸோ கொயரோ வையுங்கள். கீபோர்டின் நடு சி-க்கு மேலே, அந்த ஒரு சுரத்தை மட்டும் நீட்டிப் பிடியுங்கள். கீழே ஓடுகிற அதே ரிஃப் (கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு துண்டு) திடீரென்று சோகமாகிவிடும். பின்லாந்தின் நைட்விஷ் என்ற மெட்டல் குழு 1996-ல் தொடங்கியது. அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதுகிறவர் கீபோர்டிஸ்ட் துவோமாஸ் ஹோலோபைனன். அங்கே கிட்டாருக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள்.

அடுத்தது இடது கை. பியானோ வகுப்பில் பழகியவர்களுக்கு அது சும்மா இருக்காது, கீழே ஆக்டேவ் போட்டுக்கொண்டே இருக்கும். கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் ஈ தந்தி அதில் பாதி, சுமார் 41. கிக் டிரம்மும் அந்தப் பக்கம்தான் இடிக்கிறது. அந்த நெரிசலில் நீங்களும் இறங்கினால் மொத்தமும் சகதி. முதன்முதலாக நான் ஒரு குழுவோடு வாசித்த அன்று, பேஸ் வாசித்த அண்ணன் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டு, "தம்பி, லெஃப்ட் கைய பாக்கெட்ல போட்டுக்கோ" என்றார். கோபமாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன், பாட்டு தெளிவாகக் கேட்டது.

விதிவிலக்கு உண்டு. டீப் பர்பிள் ராக் குழுவின் கீபோர்டிஸ்ட் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப் வழியாக உறும விட்டு, கிட்டாருக்குச் சமமாக நின்றார். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேகம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) பதினாறாம் பாகச் சுரங்கள், அதாவது தட்டுக்கு நான்கு, என்றால் விநாடிக்கு 8. முதல் வாரமே அதற்குப் பாய்ந்தால் மணிக்கட்டு இறுகும், அந்த இறுக்கமும் விரலோடு சேர்ந்தே பழகிவிடும். ஏ ஹார்மானிக் மைனரை எடுங்கள், நம் கீரவாணிதான் அது. வலது கையில் ஏ, பி, சி-க்கு 1, 2, 3 விரல்கள். டி-க்குக் கட்டைவிரல் உள்ளங்கைக்குக் கீழே நுழைய வேண்டும். அந்த இடத்தில் முழங்கை வெளியே தூக்கினால் வேகம் கூட்டாதீர்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-ல் வைத்து, மூன்று முறை சுத்தமாக வந்த பிறகு நான்கு மட்டும் ஏற்றுங்கள். டிரீம் தியேட்டர் மெட்டல் குழுவின் கீபோர்டிஸ்ட் ஜோர்டன் ரூடெஸ் ஒன்பது வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பியானோ படிக்கச் சேர்ந்தவர். அந்த விரல்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்தவை அல்ல.

ஏழு எண்ணிக்கையில் ரிஃப் வந்தால் 'ஒன், டூ, த்ரீ' என்று எண்ணித் தடுமாற வேண்டாம். பல ரிஃப்களுக்கு 'தகிட தகதிமி' சரியாக உட்காரும், சிலவற்றுக்குத் திருப்பிப் போட வேண்டும்.

அப்புறம், எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரேயடியாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன். மெட்டல் கிட்டாரைப் பல சமயம் அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கிக் கட்டியிருப்பார்கள். பட்டனைத் தட்டி ஏ மைனரிலேயே வாசித்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம், ஆனால் கறுப்புக் கட்டைகள் கைக்குப் பழகாது. மேடையில் அவசரத்துக்கு ஓகே, வீட்டில் வேண்டாம். வாங்கும்போது 88 கட்டைக்கு ஆசைப்படவும் வேண்டாம். 61 போதும், ஆனால் முழு அளவுக் கட்டைகளாக, அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறுவதாக, இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ளதாக இருக்கட்டும்.

பாக்கெட்டில் போட்ட இடது கைக்கு வேலை அங்கேதான். சோலோவில் ஜி-யை அழுத்திச் சக்கரத்தை முழுக்கத் தள்ளினால், பொதுவாக இரண்டு அரைச்சுரம் ஏறி ஏ வரும். புதியவர்கள் வெடுக்கென்று தள்ளிவிடுகிறார்கள், சைரன் மாதிரி கேட்கிறது. முதலில் ஏ-யை நேராக வாசித்துக் காதில் வாங்குங்கள். பிறகு ஜி-யிலிருந்து மெதுவாக ஏறி அங்கே போய் நில்லுங்கள், வீணையில் தந்தியை இழுப்பதுபோல.