கழல மறுக்கும் என்ஜின் போல்ட்டை உடைக்காமல் கழற்றும் முறை

மும்பையில் நான்கு மாத மழையும் ஆண்டு முழுவதும் வீசும் உப்புக்காற்றும் சேர்ந்து, என்ஜினில் உள்ள போல்ட்டுகளின் மரைகளுக்குள் துருவை ஏற்றிவிடுகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையிடுக்கில் ஆப்பு அடித்தாற்போல் போல்ட் இறுகிவிடுகிறது. செம்பூரில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நான் முதன்முதலாக முறித்த போல்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (என்ஜினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த்தொகுதி) மேல் இருக்கும் வெப்பத்தடுப்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

என்ஜினை அணைத்து ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம், ஏனெனில் துருத்தூள் முகத்தில்தான் கொட்டும்.

அடுத்ததாக, சரியான சாக்கெட்டை, அதாவது போல்ட்டின் தலைமேல் கவிழ்ந்து பிடிக்கும் குழல் வடிவப் பானாவை, தேர்ந்தெடுங்கள். போல்ட்டின் தலை மூலைகள் தேய்ந்து உருண்டுபோவதற்குப் பெரும்பாலும் துரு காரணமன்று, பொருந்தாத பானாதான் காரணம். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றும் மாருதி போன்ற கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தலை இருக்கும். ஜெர்மானிய வழியில் வந்த கார்களில் அதே போல்ட்டின் தலை 13 ஆக இருக்கும். 12-இல் 13-ஐ மாட்டினால் ஏதோ பிடித்தது போலத் தோன்றி, விசை கொடுக்கும்போது வழுக்கிவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். அது தலையின் மூலைகளைவிடப் பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். இத்தகைய கருவிகளுக்கு நாக்தேவி தெருவில் கடை கடையாக அலையலாம். மாட்டுவதற்கு முன் தலையில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டால் சாக்கெட் அடிவரை இறங்கும்.

பிறகு எண்ணெய். துருவிளக்கி எண்ணெயை, என்ஜின் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகே, போல்ட்டின் தலையும் தகடும் சேரும் இடத்தில் தெளியுங்கள். சூடான எக்ஸாஸ்டின் மேல் தெளித்தால் தீப்பிடிக்கக்கூடும். தெளித்த பின் சுத்தியலால் போல்ட்டின் தலையை நேராக, மிதமாகப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை தெளித்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பத்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மறுநாள் காலையில், போல்ட்டின் தலையை நேர் எதிரே பார்ப்பதாக மனத்தில் நிறுத்தி, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். காரின் அடியில் படுத்தபடியோ என்ஜினுக்குப் பின்னால் கையை நுழைத்தோ வேலை செய்யும்போது திசை குழம்பிவிடும். கழலாத போல்ட் என்று நினைத்து மேலும் இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விசையைப் பொறுத்தவரை ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தால் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும்; குழாயைச் செருகி நீளத்தை 60 சென்டிமீட்டராக்கினால் அது இரட்டிப்பாகும். 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்குகிறார்கள். ஆகவே சக்கர நட்டுக்கு உதவும் நீளக் குழாய், இந்தச் சிறு போல்ட்டை எளிதில் முறித்துவிடும். நான் செய்த தவறும் அதுவே.

முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்து, பின் கழற்றும் திசையில் சீராக இழுங்கள். ‘டக்’ என்று கூர்மையான ஓசையுடன் அசைந்தால் துரு விட்டுக்கொடுத்துவிட்டது என்று பொருள். ஓசையே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வளைந்து கொடுத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அப்போது மரை அசையவில்லை, போல்ட்டின் உடல்தான் முறுக்கேறிக்கொண்டிருக்கிறது. மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் தட்டி, இன்னொரு நாள் காத்திருப்பதே சரி. தீச்சுடரால் சூடேற்றும் வழியும் உண்டு; ஆனால் பெட்ரோல் குழாய்கள் ஓடும் இடத்தில் தொடக்கநிலையாளர் அதைத் தொடவே வேண்டாம்.

அசைந்துவிட்ட போல்ட்டை ஒரே மூச்சில் கழற்றிவிட ஆசை வரும். கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, இரண்டு துளி எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உதிர்ந்த துருத்தூள் மரையில் சிக்கிக்கொண்டால் பாதி வழியில் மறுபடியும் இறுகிவிடும்.

தலை உருண்டுவிட்டாலோ முறிந்துவிட்டாலோ, மெக்கானிக்கிடம் கொண்டுசென்று தலையின் மேலோ எஞ்சிய தண்டின் மேலோ ஒரு நட்டை வெல்டிங் செய்து, அதைத் திருப்பிக் கழற்றச் சொல்லுங்கள். கழன்று வந்ததைத் திரும்பப் போடாமல், அதே நீளமும் அதே மரை இடைவெளியும் கொண்ட புதிய போல்ட்டை வாங்கி, வெப்பம் தாங்கும் துருத்தடுப்புப் பசையை மரையில் மெல்லப் பூசுங்கள். முதல் நான்கைந்து சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள்; விரலுக்கு இடறினால் மரை கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும்.