காய்ச்சலில் தப்பிய பன்றியை இனவிருத்திக்கு வைக்காதீர்கள்

வெண்பன்றி வளர்ப்பைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் இரண்டு தம்பிகள் போன மாதம் பண்ணைக்கு வந்தார்கள். "அண்ணே, பன்றிக் காய்ச்சல்ல எல்லாம் போயிடுச்சு. ஒரு தாய்ப்பன்றி மட்டும் தப்பிச்சுது. அது வம்சத்தைத்தான் பெருக்கப்போறோம்" என்றார்கள். என் பண்ணையில் காய்ச்சல் வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். அதைத் திரும்பக் கேட்டபோது பொறுக்க முடியவில்லை. கொட்டகை சுத்தம், தீவனம் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இனத்தையும் வைரஸையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தப்பியது வேறு, எதிர்ப்பு வேறு

என்னிடம் இருந்த 12 தாய்ப்பன்றிகளில் 11 செத்தன. தடுப்பூசி போடாமல் விட்டது என் தவறு. மிஞ்சிய ஒன்று அப்போது இரண்டு மாதச் சினை. பிறகு ஏழு குட்டி போட்டது. பார்க்க நன்றாகவே இருந்தன. 'இந்த ரத்தத்தில் ஏதோ இருக்கிறது' என்று இரண்டு ஆண் குட்டிகளை இனவிருத்திக்கு ஒதுக்கினேன். கடன் வாங்கி எட்டுப் பன்றிகள் புதிதாக வாங்கி, அடுத்த அறையில் விட்டேன். சில வாரங்களில் புதியவை ஒவ்வொன்றாகக் காய்ச்சலில் படுத்தன. ஒதுக்கி வைத்த ஆண் குட்டிகளில் ஒன்று ஐந்தாம் மாதம் மெலிந்து மெலிந்து செத்தது.

கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. சினையின் நடுப்பகுதியில் தாய்க்குக் காய்ச்சல் வந்தால், வயிற்றில் உள்ள குட்டியின் உடல் அந்த வைரஸைத் தனதென்றே எண்ணிவிடும். எதிர்த்துப் போராடாது. பிறந்த பின் மாதக்கணக்கில் நலமாகத் தெரிந்தபடியே எச்சிலிலும் சாணத்திலும் வைரஸைக் கொட்டும். எதிர்ப்பொருள் சோதனையில் இது சிக்காது. வைரஸையே தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். நோயை எதிர்க்கும் வம்சம் என்று நான் பொத்திப் பொத்தி வளர்த்தது நோயைத்தான்.

சரி, தாய் உண்மையிலேயே நோயை வென்றிருந்தால்? அப்போதும் அது அந்த உடல் சம்பாதித்த பாதுகாப்பு. சீம்பால் வழியாகக் குட்டிக்குச் சில வாரம் கிடைக்கும், அவ்வளவுதான். மரபணுவில் ஏறாது. ஒரே ஒரு பன்றி தப்பியதை வைத்து மரபணுவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நாட்டு இனத்துக்கு வராது என்ற நம்பிக்கை

வெயிலையும் மட்டமான தீவனத்தையும் நாட்டுப் பன்றி தாங்கும். அதை வைத்து வைரஸையும் தாங்கும் என்று முடிவு கட்டாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (இது வேறொரு வைரஸால் வருவது) 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தபோது நாட்டு இனம், கலப்பினம் என்று பார்க்கவில்லை. 2023-இல் முதுமலையில் காட்டுப்பன்றிகளே செத்தன. இந்தக் காய்ச்சலைச் சுமந்தும் நோயில்லாமல் திரிவது ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி வகை. அது வேறு பேரினம். நோய் எதிர்ப்பில் பங்குள்ள அதன் ரெலா மரபணுவில் உள்ள வேறுபாட்டைப் பண்ணைப் பன்றியில் புகுத்திப் பார்த்தார்கள். அப்படியும் காய்ச்சலில் இருந்து அதைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு மரபணு எல்லாவற்றையும் தடுக்கும் என்ற எண்ணம்

பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய சிடி163 என்ற புரதம் வேண்டும். அந்த வழியை அடைக்கும்படி மரபணு திருத்திய பன்றிக்கு அமெரிக்கா 2025 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. ஆனால் சிடி163 நீக்கிய பன்றிகளை ஆப்பிரிக்கக் காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. இயற்கையாக உள்ள வேறுபாடு இன்னும் மெல்லியது. 4-ஆம் குரோமோசோமில் மரபுக் குறியீட்டின் ஓர் எழுத்து மாறியிருக்கும் பன்றிகளின் ரத்தத்தில் பிஆர்ஆர்எஸ் வைரஸ் குறைவு, எடையும் கூடுதலாக ஏறும். அதற்காகத் தொற்றே வராது என்றில்லை.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது, போடுங்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் இல்லை.

சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ப்பது

வேண்டாம். ஆண் பன்றியை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். 30 நாள் தனியாக வைத்திருந்து, அப்புறம் உள்ளே விடுங்கள்.